அமலி விழுகிற படம்

அந்த ஃபேனுக்கு நேரா ஒக்காராதீங்கக்கா. இப்டி இந்தப் பக்கம் வாங்க. காத்து பட்டா கம்பி வழியா பல்லுக்குள்ள ஜில்லுனு ஏறும், அப்புறம் காது வரைக்கும் இழுக்கும். எனக்குத் தெரியும். நானும் இதே பெஞ்சுல இதே மாதிரி வாயக் கட்டிக்கினு ஒக்காந்தவதான்.

பேசாதீங்க, பேசாதீங்க. தலைய ஆட்டினா போதும். நான் பேசுறேன். வாய் தெறந்ததுலேர்ந்து நீ மூடவே இல்லடின்னு எங்கம்மா சொல்லும்.

இன்னா, விழுந்துட்டீங்களா? பாத்ரூம்லயா? சரி. வழுக்கி விழுந்தா மோவாக்கட்டைலதான்க்கா அடிபடும். ஒங்களுக்கு எடது பக்கம் ஒடைஞ்சிருக்கு. எடது பக்கம் ஒடைஞ்சா அது வலது கைக்காரன் வேலை. சரி சரி, பாத்ரூம்தான். நான் ஒன்னும் கேக்கல. எனக்கு அடியப் பத்தித் தெரியும், அதான் வாய்ல வந்துடுச்சு.

எனக்கு இன்னிக்குப் பெரிசா ஒன்னுமில்ல. தாடைக்குள்ள தட்டு வச்சு ஸ்குரு போட்டிருக்காங்க இல்ல, அதுல ஒன்னு மழைக்காலம் வந்தா குடையுது. காட்டிட்டுப் போலாம்னு வந்தேன். கூப்பிட நேரமாவும். நம்மளுக்கு முன்னாடி ஒரு கூட்டமே இருக்கு.

என் பேரு யசோதரா. வியாசர்பாடி. பாக்ஸர். இப்ப இல்ல, அப்ப. எங்க ஏரியால பொண்ணுங்க கையில க்ளவுஸ் மாட்டினா யாரும் அதிசயமாப் பாக்க மாட்டாங்க. ஆனா நான் குத்தினா பாப்பாங்க. எங்க மாஸ்டரே, பசங்களோட சண்ட போட வைக்கும்போது, அவ தலைல அடிக்க மாட்டா, ஒடம்புல அடிப்பா, ஒடம்பப் பாத்துக்கோங்கடான்னு சொல்லித்தான் அனுப்புவாரு.

ஸ்டேட் டீமுக்கு செலக்‌ஷன். ஃபைனல் எனக்கும் அமலிக்கும். அமலோற்பவி முழுப் பேரு, காசிமேட்டுப் பொண்ணு. எடது புருவத்துல ஒரு வெட்டு, தோள்ல நங்கூரம் பச்சை குத்தியிருப்பா. ரிங்குக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி தொடைய ரெண்டு தட்டு தட்டுவா. யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. அது எல்லாருக்கும் தெரியும். அதனால அது வெறும் ஆட்டம் இல்லக்கா, சோறு.

மூணாவது ரவுண்டு. நான்தான் முன்னாடி இருந்தேன். எங்க மாஸ்டரக் கேட்டா இல்லன்னுவாரு. அவருக்கு வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியாது. மணி அடிச்சுது. மணி அடிச்சா ஆட்டம் முடிஞ்சுது இல்லக்கா? முடிஞ்சுது. அடிச்சப்புறம் குத்தினா. மணி அடிச்சப்புறம். நான் கைய எறக்கிட்டு நிக்கிறேன், ஒரு குத்து. உள்ளுக்குள்ள பச்சை மட்டைய முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். என் தலைக்குள்ளயே கேட்டுச்சு. கீழ விழுந்து, வாயத் தொறக்கப் பாத்தா மேல ஒரு தாடை, கீழ ரெண்டு தாடை. கடவாய்ப் பல்லு ஒன்னு நாக்குக்கு அடியில கெடந்துச்சு. துப்பக் கூட முடியல, அத்த முழுங்கிட்டேன்.

ரெஃப்ரி இன்னா பண்ணாரு தெரியுமா? ரெண்டு பேருக்கும் எச்சரிக்கைன்னு எழுதிட்டு, பாய்ண்டு எண்ணி, அவ கையத் தூக்கிட்டாரு. எனக்கு எதுக்கு எச்சரிக்கை? தாடை ஒடைஞ்சதுக்கா? நியாயம் கேக்க எனக்கு வாய் இல்ல. அவ்ளோதான். அவளுக்கு வேலை, எனக்குக் கம்பி.

அப்புறம் வூடு. எங்கம்மா அரிசியையும் பருப்பையும் கொழைய வேக வச்சு, வேட்டித் துணில வடிகட்டி, பல்லு விழுந்த சந்து வழியா ட்யூப்ல ஊத்தும். பேச முடியாது. கத்த முடியாது. ஒங்களுக்குத் தெரியும், நான் இன்னாத்த சொல்றது. வாயக் கட்டிட்டா கோவம் எங்க போவும்? கைக்குத்தான் வரும். செவுத்தக் குத்தினேன். காலைல எழுந்தா குத்துவேன், கஞ்சி குடிச்சா குத்துவேன். செவுத்துல ஒரு எடத்துல பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிஞ்சுது.

ஒரு நாள் மத்தியானம் மாடி ரூம்ல குடியிருந்தவரு எறங்கி வந்தாரு. அன்சாரின்னு பேரு. உத்தமபாளையத்துக்காரரு. ஒல்லியா, கண்ணாடி போட்டு, செருப்பு சத்தம் கூடக் கேக்காம நடப்பாரு. கதவுக்கு வெளிய நின்னுக்கினு, "நீங்க குத்தும்போது மேல என் டேபிள் ஆடுது. கட்டம் ஒன்னு தள்ளிப் போயிடுது"ன்னாரு.

நான் மொறைச்சேன்.

"குத்த வேணாம்னு சொல்லல. ஒரே ஒரு தடவ மெதுவா குத்திக் காட்டுறீங்களா? எனக்கு ஒரு குத்து வரவே மாட்டேங்குது."

மேல போய்ப் பாத்தேன். அவரு ஒரு சின்ன கம்பெனில ஃபோன் கேமுக்குப் படம் போடுறவரு. கேம்ல நடக்கும், குதிக்கும், அடி வாங்கிச் சாவும் பாருங்க ஒரு குட்டி ஆளு, அதுக்கு ஸ்பிரைட்னு பேரு. டைல்ஸ் ஒட்டுற மாதிரி சின்னச் சின்ன சதுரத்துக்குக் கலர் போட்டுப் போட்டு அந்த ஆள உண்டாக்கணும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சம் மாத்தி மாத்தி நெறைய படம் போட்டு, வரிசையா ஓட்டினா அது அசையும். அவங்க கம்பெனில குத்துச்சண்டை கேம் ஒன்னு பண்ணிக்கினு இருந்தாங்க. இவரு போட்டிருந்த ஆளு குத்துறான்க்கா, பக்கத்து வூட்டுக்கு டிபன் பாக்ஸ் நீட்டுற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கம்பி இழுத்துக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

குத்திக் காட்டினேன். முன்னாடி போறதுக்கு முன்னாடி தோளு பின்னாடி போவணும். குதிங்கால் திரும்பணும். இடுப்பு திரும்பி, அப்புறம்தான் கை. அவரு பாத்துப் பாத்து மவுஸ்ல தட்டினாரு. ஓட்டினாரு. அந்தக் குட்டி ஆளு குத்தினான். எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நான் மவுஸக் காட்டி, நான் செய்யட்டுமான்னு கையாலயே கேட்டேன்.

மொதல்ல ஒரு ஆப்பிள் வரையச் சொன்னாரு. வரைஞ்சேன். அடிபட்ட கண்ணு மாதிரி இருந்துச்சு. "ஓரம் ஒடைஞ்ச படிக்கட்டு மாதிரி இருக்கு பாருங்க, சதுரம் ஒரே சீரா எறங்கணும்"னாரு. "நெழலுக்குக் கருப்பு போடாதீங்க, அழுக்காத் தெரியும். செவப்புக்கு நெழல் ஊதாப் பக்கம் இருக்கு"ன்னாரு. அத்த எனக்கு அவரு சொல்லணுமா? கன்னத்துல வாங்கினா மொதல்ல செவக்கும், அப்புறம் ஊதா, அப்புறம் பச்சை, கடைசில மஞ்சள். அந்த வரிசை அப்ப என் மூஞ்சிலயே இருந்துச்சு. கண்ணாடியப் பாத்துப் பாத்துக் கலர் எடுத்தேன். மூணு கலர்ல ஒரு கன்னம். ஒரே ஒரு சதுரம்தான் கண்ணு. அத்த ஒரு கட்டம் கீழ எறக்கினா அழுவுறா, மேல ஏத்தினா மொறைக்கிறா.

தெனம் போனேன். கதவத் தொறந்து வச்சிட்டு அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மா கஞ்சிய மேலயே கொண்டாந்து குடுக்கும். எனக்கு ஒரு பழைய லேப்டாப்ப சரி பண்ணிக் குடுத்தாரு. நடக்க வைக்கக் கத்துக்கினேன், ஓட வைக்கக் கத்துக்கினேன். உருவம் பூரா கருப்பு ரொப்பிப் பாக்கணும். அப்பவும் அது இன்னா பண்ணுதுன்னு தெரிஞ்சா அதான் நல்ல படம். அவரு ஒன்னு சொன்னாரு, அத்த மட்டும் நான் மறக்கவே மாட்டேன். "குத்தோட பலம் குத்துறவன்கிட்டத் தெரியாது. வாங்குறவன்கிட்டதான் தெரியும். வாங்குறவன நல்லா வரைங்க."

வாங்குறவள வரைஞ்சேன்.

அவங்க கேமுக்குக் கடைசியா ஒரு பெரிய எதிரி வேணும்னாங்க. நான் பேப்பர்ல எழுதிக் காட்டினேன், நான் போடுறேன்னு. அமலியப் போட்டேன். புருவ வெட்டு ஒரு சதுரம். நங்கூரம் நாலு சதுரம். தொடையத் தட்டுறது ரெண்டு படம். அப்புறம் அவள அடிச்சேன்க்கா. வயித்துல அடிச்சேன், அவ மடங்கினா. மூக்குல அடிச்சேன், ரத்தம் மேல போய்க் கீழ விழுந்துச்சு. தாடைல அடிச்சேன். தலை மொதல்ல போவணும், ஜடை அப்புறமா வரணும், அப்பதான் கனம் தெரியும். தாடை ஒரு சதுரம் தனியா எறங்கித் தொங்குற மாதிரி போட்டேன். பல்லு மூணு வெள்ளைச் சதுரம், தெறிச்சு ஓடும். அவ விழுவா. திரும்பத் தானா எழுந்து அதே எடத்துல வந்து நிப்பா. திரும்ப அடிக்கலாம். எத்தன தடவ வேணும்னாலும்.

அன்சாரி கொஞ்ச நேரம் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "பல்லு தெறிக்கணுமா?"

நான் தலைய ஆட்டினேன்.

"பாக்கக் கஷ்டமா இருக்கே."

அதுதானே வேணும்? நல்லா இருக்குன்னு அர்த்தம். அவருக்கு ரத்தம்னா ஆவாது. கொசு அடிச்சாக் கூடக் கையக் கழுவுற ஆளு.

அவ என்ன அடிச்ச அந்தக் குத்து மட்டும் எனக்கு வரல. நான்தான் வாங்கினேன், ஆனா வாங்குறவளுக்குத் தெரியாதே. மேட்ச் வீடியோவ எங்க கிளப் பொண்ணு ஒருத்தி அனுப்பியிருந்தா. அன்சாரி அத்தப் போட்டு, ஒவ்வொரு படமா நிறுத்தி நிறுத்தித் தள்ளினாரு. மணி அடிக்குது, ரெஃப்ரி கையத் தூக்குறாரு. அமலி திரும்பிட்டா, முதுகு தெரியுது. அடுத்த படத்துல ஒரு செவப்பு க்ளவுஸ் அவ பின்னங்கழுத்துல இருக்கு. அதுக்கு அடுத்து அவ திரும்புறா, அதுக்கப்புறம்தான் என் தாடை.

அவரு நிறுத்திட்டாரு. "யசோதரா, இது உங்க கை"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

இருங்க, நீங்களும் அப்டிப் பாக்காதீங்க. மணி அடிச்சப்புறம் என் கை போச்சுதான். நான் அடிக்கலக்கா, கை போச்சு. ரிங்குல பழகின கை அது, ஓடுற பஸ்ஸு பிரேக் போட்டதும் நின்னுடுமா? அவ குத்தினது அப்டி இல்ல. அவ திரும்பிப் பாத்து, யாருன்னு தெரிஞ்சு, குத்தினா.

அன்சாரி, "வரைஞ்சா இதையும் சேத்துத்தானே வரையணும்?"னாரு.

நான் பேப்பர்ல எழுதினேன்: கட்டம் பத்தாது.

உண்மைதான்க்கா. ஒரு குத்துக்கு இவ்ளோ படம்தான்னு கணக்கு இருக்கு, மீறினா ஃபோன் தாங்காது. சின்னப் படத்துல எல்லாத்தயும் வைக்க முடியாது. எது வேணும் எது வேணாம்னு எடுக்கிறதுதான் கலைன்னு அவருதானே சொல்லிக் குடுத்தாரு? அத்த எழுதிக் காட்டினேன். அவரு படிச்சாரு. பேப்பர மடிச்சு வச்சிட்டு வீடியோவ மூடினாரு.

கேம்ல இன்னொன்னும் சேத்தோம். மணி அடிச்சப்புறமும் அமலிய அடிக்கலாம். கம்பெனில ப்ரோக்ராம் எழுதுற பையனுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. கேம் வெளிய வந்துச்சு. எங்க ஏரியால யாரு ஃபோனப் பாத்தாலும் அதுதான். பசங்க அடிக்கிறானுங்க, ஆட்டோக்காரரு அடிக்கிறாரு, இட்லிக் கடைல ஒக்காந்திருக்கிற அக்கா அடிக்குது. நான் கஞ்சி குடிச்சுக்கினே ஜன்னல் வழியாப் பாப்பேன். தெரு பூரா அமலி விழுந்துக்கினே இருந்தா. அந்த மாதிரி ஒரு நிம்மதி எனக்கு ஜெயிச்சிருந்தாக் கூட வந்திருக்காது.

காசிமேட்டுலயும் அத்த ஆடியிருக்காங்க. மூஞ்சிய வச்சு யாரும் கண்டுபுடிக்கலயாம். தொடையத் தட்டுறத வச்சுத்தான். அப்டின்னா நான் எவ்ளோ சரியா வரைஞ்சிருக்கேன் பாருங்க. அமலி வேலைக்குப் போற வழில டீக்கடைப் பசங்க அவளப் பாத்துத் தொடையத் தட்டிக் காட்டினானுங்களாம். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அமலியோட அம்மா கையில ஃபோனக் குடுத்து, இதோ அமலி அக்காவ அடி ஆயான்னு சொன்னானாம். அந்தம்மா பொண்ணுக்குப் பல்லு தெறிக்கிறதப் பாத்துட்டு ஃபோனக் கீழ போட்டுடுச்சாம். கேமுதான்க்கா. கேம்னு தெரிய வேணாமா?

ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்குக் கம்பி பிரிச்சு ஒரு வாரம் இருக்கும். வாய் ஒரு வெரல் அளவுக்குத்தான் தொறக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரம், தெருவுல பைக் சத்தம். அமலியோட அண்ணன் கிளமென்ட், கூட இன்னும் மூணு பேரு. கிளமென்ட் கையில ஃபோன், அதுல கேம் ஓடிக்கினு இருக்கு. எங்க வூட்டு வாசல்ல அடிபம்பு இருக்கு. அதுக்குப் பக்கத்துல நின்னு கேட்டான்.

"இத்த யாரு வரைஞ்சது?"

நான் வாசப்படில நிக்கிறேன். அம்மா என் பின்னாடி. அன்சாரி சத்தம் கேட்டு மாடிப்படில பாதி எறங்கி வந்து நின்னாரு. கேம் கடைசில பேரு ஓடும்ல, அதுல படம் அன்சாரின்னுதான் போட்டிருந்தாங்க. என் பேரு போடல. அப்ப நான் கம்பெனி ஆளு இல்லையே.

கிளமென்ட் திரும்பவும் கேட்டான். "பொறுமையாத்தான் கேக்குறேன். யாரு வரைஞ்சது?"

அன்சாரி என்னப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். எனக்குப் பேசினா வலிக்கும்க்கா. டாக்டர் வாய அசைக்காதன்னு சொல்லியிருந்தாரு. ஒங்களுக்கே தெரியும் அந்த வலி. ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள கண்ணு கலங்கிடும்.

அன்சாரி எறங்கி வந்து, "நான்தான்"னாரு.

மூணு பேரும் அவரப் புடிச்சாங்க. மொதல்ல வயித்துல. அவரு மடங்கவே இல்ல, அப்டியே குச்சி மாதிரி விழுந்தாரு. அடி வாங்கிப் பழக்கமில்லாதவங்க அப்டித்தான் விழுவாங்க. கண்ணாடிய மிதிச்சானுங்க. கிளமென்ட், "எந்தக் கையால வரைஞ்ச?"ன்னான். வலது கையப் புடிச்சு இழுத்துப் பம்பு மேடை மேல வச்சாங்க. பம்போட கைப்பிடிய ஒருத்தன் கழட்டிட்டான். தூக்கினான். தூக்கும்போது அவன் தோளு பின்னாடி போச்சு, குதிங்கால் திரும்புச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. எறக்கினான்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ரெண்டாவது தடவ எறக்கறதுக்குள்ள நான் போய்ட்டேன். அவன் விலாவுல ஒன்னு விட்டேன், காத்து பூரா வெளிய வந்துச்சு. கைப்பிடி கீழ விழுந்துச்சு. இன்னொருத்தன் என் முடியப் புடிச்சான். அவன் மூக்கு என் நெத்தில ஒடைஞ்சுது. மூணாவது ஆளு பைக்க நோக்கி ஓடினான், கால வச்சுத் தள்ளி, விழுந்தவன் காதுல குத்தினேன், திரும்பவும் குத்தினேன். இத்தன நாளா செவுத்துலயும் கம்ப்யூட்டர்லயும் இருந்த கை, எலும்பத் தொட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பொய் சொல்லல, நல்லா இருந்துச்சு. அம்மா கத்துது, தெரு கூடிடுச்சு, ஒருத்தரும் கிட்ட வரல. கிளமென்ட் ஒரு செங்கல்ல எடுத்து என் தோள்ல போட்டான். நான் அவன் தொண்டையப் புடிச்சேன்.

அப்ப ஸ்கூட்டர்ல அமலி வந்தா. எறங்கி, "கிளமென்ட்"னு ஒரே ஒரு தடவ சொன்னா. அண்ணன்னு கூட சொல்லல. அவனுங்க அப்டியே நின்னுட்டானுங்க. நானும் கைய விட்டுட்டேன், தானா விட்டுச்சு.

அவ யாரையும் பாக்கல. நேரா அன்சாரிகிட்ட போய் மண்டி போட்டா. கை எப்டி இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்க சாப்பிட முடியாம இருக்கீங்க. வெரலுங்க வேற வேற பக்கம் பாத்துக்கினு இருந்துச்சு. துப்பட்டாவ எடுத்து, கீழ கெடந்த செருப்ப அணை குடுத்து, அந்தக் கையக் கட்டினா. ஆட்டோவ வரச் சொன்னா. அவர ரெண்டு கையாலயும் தூக்கி நிறுத்தி ஆட்டோவுக்குள்ள ஏத்தக் குனிஞ்சா. அவ முதுகு எனக்கு நேரா இருந்துச்சு.

என் கை போச்சு.

காதுக்குக் கீழ, கழுத்துல. நல்ல குத்து. அவ நெத்தி ஆட்டோ கம்பில மோதி, அந்தப் பழைய புருவ வெட்டே திரும்பவும் பிளந்துக்கிச்சு. ரத்தம் அன்சாரி சட்டைல சொட்டுச்சு. நான் கைய மேல தூக்கி, தாடைய மறைச்சு, ரெடியா நின்னேன். வா, திரும்பு, இப்ப மணியும் கெடையாது, ரெஃப்ரியும் கெடையாதுன்னு நின்னேன்.

அவ திரும்பல. "தலையக் குனிங்க தம்பி, இடிச்சுக்கும்"னு அவருகிட்ட சொல்லி உள்ள ஒக்கார வச்சா. தானும் ஏறினா. "போங்கண்ணா"ன்னு ஆட்டோக்காரர்கிட்ட சொன்னா. போய்ட்டாங்க. நான் கையத் தூக்கிக்கினே நடுத்தெருவுல நின்னுக்கினு இருக்கேன்.

அவ ஏன் திருப்பி அடிக்கல, சொல்லுங்க. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அவ பண்ணது தப்புன்னு அவளுக்கே தெரியும். அந்த உறுத்தல்தான். இல்லன்னா அவ மாதிரி ஒருத்தி வாங்கிக்கினு போவாளா? கேஸும் குடுக்கல. கேஸ்னு போனா அவ அண்ணன் மேலதானே மொதல்ல வரும்.

ஆஸ்பத்திரில அன்சாரியப் போய்ப் பாத்தேன். கை தலகாணி மாதிரி கட்டி இருந்துச்சு. ரெண்டு வெரல் இனிமே மடங்காதுன்னு சொல்லிட்டாங்களாம். நான் ஆப்பிள் ஜூஸ் வாங்கிக்கினு போனேன், என் கைக்காசுல. அவரு நான்தான்னு சொன்னதப் பத்தி ஒன்னும் பேசல. நானும் பேசல. நோவுல கெடக்கிறவர எதுக்குப் பேச வைக்கணும்? கடைசில வாயத் தொறந்து ஒன்னு கேட்டாரு. இன்னா கேட்டாரு தெரியுமா?

"அமலிக்குப் புருவத்துல தையல் போட்டாங்களா?"

ரெண்டு வாரம் முன்னாடி வரைக்கும் கம்பி போட்டுக்கினு இருந்தவ நான். என் தாடை எப்டி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு மனசு விட்டுப் போச்சுக்கா. ஆனா நான் அத்தக் காட்டிக்கல.

கம்பெனில அடுத்த கேமு பாதி வேலையில நின்னுச்சு. யாராவது முடிச்சுக் குடுக்கணும்ல? நான் முடிச்சேன். அவரோட நாற்காலி, அவரோட கம்ப்யூட்டர், அவரு பாதி போட்டு வச்சிருந்த மரம், மட்டை, குதிரை எல்லாத்தயும் முடிச்சுக் குடுத்தேன். முதலாளி பாத்துட்டு, நீயே இருந்துடும்மான்னாரு. இருந்துட்டேன். அன்சாரி வேலையக் கெடாம காப்பாத்தினது நான்தான். ஆனா அமலி படத்துல நங்கூரத்தயும் தொடை தட்டுறதயும் எடுத்துட்டாங்க, முடிக்கு வேற கலர் போட்டுட்டாங்க. இப்ப அது யாரோ ஒருத்தி. அந்த வருத்தம் எனக்கு இன்னிக்கும் இருக்கு. நான் போட்டதுலயே அதுதான் நல்லாப் போட்டது.

அன்சாரி ஊருக்குப் போறதா முடிவாச்சு. ரூமக் காலி பண்ண அவங்கம்மா உத்தமபாளையத்துலேர்ந்து வந்திருந்தாங்க. சாமான் எறக்க நானும் மாடிக்குப் போனேன். அவரு டாக்டர்கிட்டப் போயிருந்தாரு. அந்தம்மா சின்ன உருவம், வெள்ளத் துப்பட்டி போத்திக்கினு, துணியெல்லாம் மூட்டை கட்டிக்கினு இருந்தாங்க. நான் ஒரு பொட்டியத் தூக்கினேன். கனமான பொட்டி, ஒத்தக் கையால தூக்கினேன். அந்தம்மா என் தோளப் பாத்தாங்க, என் கை முட்டியப் பாத்தாங்க.

"ஏந்தாயி, நீ குத்துச்சண்ட போடுற பிள்ளையா?"

ஆமாம்மான்னேன்.

கையில இருந்த துணிய அப்டியே போட்டுட்டு எழுந்தாங்க. "எம்மகன் சொன்னான். அம்புட்டுப் பேரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கையில, குத்துச்சண்ட போடுற பிள்ள ஒண்ணு வந்து, அடிய வாங்கிக்கிட்டுத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்துச்சாம். பேரு சொன்னான், எனக்கு வாயில நிக்கல. நீதானா அது?"

நான் பொட்டியக் கீழ வச்சேன்.

நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா. அந்தம்மா ஊருக்குப் போற அவசரத்துல இருக்காங்க. பையனோட கை போன துக்கத்துல இருக்காங்க. யாரு அமலி, யாரு யசோதரா, மணி எப்ப அடிச்சுது, எல்லாத்தயும் மொதல்லேர்ந்து சொல்ல முடியுமா? நானும் அன்னிக்கு அவருக்காக அடிச்சேன்தானே, தோள்ல செங்கல் வாங்கினேன்தானே?

தலைய ஆட்டினேன்.

அந்தம்மா என் வலது கையப் புடிச்சாங்க. ரெண்டு கையாலயும் புடிச்சுத் தூக்கி, கண்ணுல ஒத்திக்கினாங்க. அப்புறம் முட்டி முட்டியா முத்தம் குடுத்தாங்க. அழுவல. "இந்தக் கைக்கு ஒரு கொறையும் வராது தாயி"ன்னாங்க. அடுப்ப மூட்டை கட்டியாச்சு, காப்பி கூடப் போட்டுத் தர முடியலையேன்னு வருத்தப்பட்டாங்க. பையில தேடி, ஊர்லேர்ந்து கொண்டாந்த அதிரசம் ஒன்ன எடுத்து, எனக்கு வாய் சரியாத் தொறக்காதுன்னு பாத்துட்டு, பிச்சுப் பிச்சு ஊட்டி விட்டாங்க.

நான் சாப்பிட்டேன். படியில செருப்பு சத்தம் இல்லாம யாரோ ஏறி வர்ற மாதிரி இருந்துச்சு. அந்தம்மா கை என் வாய்க்கிட்டயே இருந்துச்சு.